பழுப்பாக இருந்தால் போதுமா?

ஆசிரியருக்கு,

கோபி, ஈரோடு பக்கம் சர்க்கரை நோய் என்று மருத்துவர் சொன்ன மறுநாளே வீட்டுக்குள் பிரவுன் பிரெட் வந்துவிடுகிறது. பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். சேர்மானங்களை எடை அதிகமானதில் தொடங்கி வரிசையாக அச்சிட வேண்டும் என்பது விதி. நான் வாங்கியதில் முதலில் நிற்பது மைதா. கோதுமை மாவு அப்புறம்தான். சர்க்கரையும் உண்டு, நிறத்துக்கு 150ஏ என்ற கேரமலும் உண்டு. இத்தனையையும் எறும்பு எழுத்தில் ஆங்கிலத்தில் போட்டால் எங்கள் அம்மாயி எப்படிப் படிப்பார்? முழுக்கோதுமை எத்தனை சதவீதம் என்பதை முன்பக்கத்திலேயே தமிழில் பெரிதாக அச்சிட அரசு உத்தரவிட வேண்டும். அதுவரை எங்கள் வீட்டில் காலையில் கம்மஞ்சோறும் மோரும்தான். (கடித்துக்கொள்ளச் சின்ன வெங்காயம் இருந்தால் ரொட்டியை யார் தேடுகிறார்கள்!)

– ஒரு வாசகர், கோபிசெட்டிபாளையம்