இறால் குட்டைக் கழிவுநீரைப் பிடிப்பு நாளிலேயே ஆய்வு செய்யக் கோரும் மனு

அனுப்புநர்
உப்பனாற்றங்கரைக் கிராம விவசாயிகள், மீனவர்கள்,
சீர்காழி வட்டம்.

பெறுநர்
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மயிலாடுதுறை.

ஐயா,

வணக்கம். எங்கள் வடிகால் வாய்க்காலின் மேல்கரையில் வனாமி இறால் குட்டைகள் இருக்கின்றன. வளர்க்கும் நான்கு மாதமும் எங்களுக்கும் பண்ணைக்காரர்களுக்கும் வழக்கில்லை. எங்கள் பிள்ளைகள் சிலர் அங்கேதான் வேலைக்குப் போகிறார்கள். தொல்லை, இறால் பிடிக்கும் இரவில்தான். மதகைத் திறந்ததும் முதலில் நல்ல நீர் வரும். கடைசி ஒரு முழ நீர் கறுப்பு. தின்னாத தீவனமும் இறால் கழிவும் அடியில் ஊறிக் கிடந்த சேறு, அழுகிய முட்டை நாற்றத்தோடு வாய்க்காலில் இறங்குகிறது.

சென்ற புரட்டாசியில், தெரியாமல் அந்த நீரை எஞ்சின் வைத்து இறைத்தவரின் நாற்றங்கால் மூன்றாம் நாள் நுனி கருகியது. விதைநெல்லுக்கு இரண்டாம் முறை கடன் வாங்கினார். வாய்க்கால் முகத்தில் மடவை மீன் செத்து மிதந்தது. தெருவோர அடிபம்புத் தண்ணீரில் இப்போது பருப்பு வேகவில்லை.

புகார் சொன்னால் ஆய்வுக்கு வருகிறார்கள். பத்து நாள் கழித்து, பகலில். அப்போது எடுக்கும் மாதிரியில் என்ன குற்றம் தெரியும்?

சட்டம் இல்லாமல் இல்லை. சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில், மாசுபடுத்தியவரே இழப்பீடு தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 11.12.1996 அன்று தீர்ப்பளித்தது. 2005ஆம் ஆண்டின் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டத்தின் கீழ் வந்த நெறிமுறைகள், குடிநீர் ஆதாரத்துக்கும் குட்டைக்கும் 100 மீட்டர் இடைவெளி கேட்கின்றன. எங்கள் அடிபம்பிலிருந்து குட்டைக் கரை நாற்பது காலடி தூரம்தான்.

பண்ணைகளை மூடச் சொல்லவில்லை. பிடிப்புத் தேதியை ஒரு வாரம் முன்பே கிராம நிர்வாக அலுவலரிடம் எழுதித் தரவும், அடிநீரைத் தெளியவைக்கும் குட்டையில் தேக்கிய பிறகே வெளியேற்றவும், சேற்றை வாய்க்காலில் தள்ளாமல் அள்ளி அப்புறப்படுத்தவும் உத்தரவிட வேண்டும். மதகு திறக்கும் அந்த இரவிலேயே, எங்களில் இருவர் முன்னிலையில், கடைசி நீரில் மாதிரி எடுக்க வேண்டும். அடிபம்பு நீரையும் சோதித்து, முடிவை ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டச் சொல்ல வேண்டுகிறோம்.

சென்ற பிடிப்பன்று வாய்க்காலில் பிடித்த நீரை ஒரு பாட்டிலில் இத்துடன் வைத்திருக்கிறோம். மூடியைத் திறந்து பார்க்கவும்.

இப்படிக்கு,
கிராம மக்கள்
(கையொப்பங்கள் தனித்தாளில்)