பெருந்தொற்றுக் காலத்தில் குழந்தைகளைத் தேடிப் போனவர்களுக்கு

அன்புடையீர்,

2020 மார்ச்சில் கோவிட்-19 பெருந்தொற்று என்று அறிவிக்கப்பட்டபின், உலகெங்கும் பள்ளிகள் மூடப்பட்டன. குழந்தைகள் மீதான வன்முறை பற்றிய புகார்களும் பல நாடுகளில் மளமளவென்று சரிந்தன. அதைப் பார்த்து நிம்மதியடையாமல் பதறியவர்கள் நீங்கள். சம்பளம் நின்ற வீட்டில், கோபக்காரப் பெரியவரோடு நாள் முழுக்க அடைபட்ட குழந்தையைப் பார்க்க வெளியாள் ஒருவரும் இல்லை. எபோலா நோய் பரவியபோது மேற்கு ஆப்பிரிக்க நாடான சியரா லியோனில் பள்ளிகள் மூடியிருந்த காலத்தில் பதின்வயதுச் சிறுமிகள் பலர் கருவுற்றதை எழுதிவைத்தவர்கள் முன்பே எச்சரித்திருந்தார்கள். முதல் நன்றி அவர்களுக்கு.

ஆசிரியர்களே, இணைய வகுப்போடு நிறுத்தாமல் பிள்ளைகளைத் தனித்தனியாக அழைத்துப் பேசினீர்கள். போன் ஸ்பீக்கரில் இருக்கலாம், பக்கத்திலேயே அடிப்பவர் உட்கார்ந்திருக்கலாம் என்று தெரிந்து, "ஆமா", "இல்ல" என்றால் போதும் என்கிற மாதிரி கேட்டீர்கள். பிள்ளை சொன்னதை உங்கள் நடையில் திருத்தாமல் அதே வார்த்தைகளில், தேதியும் நேரமும் போட்டு எழுதினீர்கள். விசாரணையில் நின்றது அந்தக் குறிப்புதான். "யார்கிட்டயும் சொல்லமாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காமல், "உனக்கு உதவக்கூடியவங்ககிட்ட மட்டும் சொல்வேன்" என்றீர்களே, அதற்குத் தனி நன்றி. காக்க முடியாத வாக்கு உடைந்தால் பிள்ளை மறுபடி வாய் திறக்காது.

உதவி எண்ணில் இருந்தவர்களுக்கு எவ்வளவு சொன்னாலும் தகும். வாய்விட்டுப் பேச முடியாத வீடுகளிலிருந்து செய்திகள் எழுத்தில் வந்தன. "இப்ப எழுதலாமா, பக்கத்துல யாராவது இருக்காங்களா?" என்றுதான் தொடங்கினீர்கள். ஆள் வந்துவிட்டால் அனுப்பவேண்டிய ஒரு சாதாரணச் சொல்லை முதலிலேயே பேசிவைத்தீர்கள். முடிந்ததும் உரையாடலை அழிக்கச் சொன்னீர்கள். பாதியில் அறுந்தால் உடனே திருப்பி அழைக்கவில்லை. அந்த போன் அப்போது யார் கையில் இருக்குமோ! உயிருக்கு ஆபத்து என்று பட்டபோது மட்டும், நேரத்தைக் கடத்தாமல் காவல்துறைக்குத் தகவல் கொடுத்தீர்கள்.

மருத்துவர்களே, செவிலியர்களே, வீடியோவில் முகம்தான் தெரியும், முதுகு தெரியாது. தடுப்பூசிக்கு வந்த கைக்குழந்தையின் சட்டையைக் கழற்றிப் பார்த்தீர்கள். இன்னும் புரளாத குழந்தைக்கு ரத்தக்கட்டு தானாக வருவது மிக அரிது. நான்கு வயதுக்குட்பட்ட குழந்தையின் காதிலோ கழுத்திலோ வயிறு, முதுகிலோ கன்றியிருந்தால் "விழுந்துட்டான்" என்ற பதிலோடு விட்டுவிடக்கூடாது. நீங்கள் விடவில்லை.

உணவுப் பொட்டலம் கொண்டுபோன களப்பணியாளர்கள் வாசலுக்கு வெளியே இரண்டு மீட்டர் தள்ளி நின்றபடியே, "பிள்ளைங்க எல்லாரையும் ஒரு தடவை கூப்பிடுங்க" என்று கேட்டார்கள். ஒரு பிள்ளை மட்டும் எப்போது போனாலும் "தூங்குது" என்றால், மறுநாள் வேறு நேரத்தில் போனார்கள். அலறல் கேட்ட அக்கம்பக்கத்தார் பலர் சண்டைக்குப் போகாமல், ஏதாவது வேண்டுமா என்று கதவைத் தட்டிவிட்டு அதிகாரிகளுக்குச் சொன்னார்கள். நேரே தட்டிக்கேட்டால், கதவு சாத்தியபின் அந்தக் கோபம் பிள்ளைமேல்தான் திரும்பும். ஸ்பெயினின் கேனரி தீவுகளில் மருந்துக் கடைகளுக்கு வந்து, வீட்டில் வன்முறை என்பதற்கான ரகசியச் சொல்லாக 'முகக்கவசம் 19' என்று கேட்ட பெண்களுக்கு ஆபத்து என்று புரிந்து உதவி அழைத்தவர்களையும் நினைக்கிறோம். அந்த வீடுகளில் குழந்தைகளும் இருந்தார்கள்.

பள்ளி திறந்த முதல் வாரங்களில், விடுபட்ட பாடத்தைத் துரத்தாமல் ஒவ்வொரு பிள்ளையிடமும் ஐந்து நிமிடம் உட்கார்ந்தவர்களுக்கும் திரும்பி வராத பெயர்களைப் பட்டியலிட்டு வீடுவரை போனவர்களுக்கும் எங்கள் நன்றி.

குழந்தைப் பாதுகாப்புப் பணியாளர்கள்