டோகெலாவுக்கு முதலில் வேண்டியது

ஆசிரியருக்கு,

பசிபிக்கில் நியூசிலாந்தின் கீழுள்ள டோகெலாவை வெறும் மானியத்தில் வாழும் தீவு என்று ஒதுக்குவது எனக்கு ஏற்பில்லை. 3 பவளத்தீவுகள், சுமார் 1,500 பேர். தலைநகர் கிடையாது, தீவுத் தலைவர்கள் முறைவைத்து ஆட்சித் தலைவராகிறார்கள். 2007 வாக்கெடுப்பில் 64 சதவீதம் பேர் சுயாட்சி கேட்டும், மூன்றில் இரண்டு பங்குக்கு 16 வாக்குகள் குறைந்ததால் அது கைகூடவில்லை.

சரி, வருமானம்? வெளிநாட்டுக் கப்பல்கள் சூரை மீன் பிடிக்கக் கட்டும் உரிமக் கட்டணம்தான் சொந்த வருவாயில் பெரும்பங்கு. ஆனால் விமான நிலையம் இல்லை. நோயாளிகள்கூட பெரும்பாலும் சமோவாவின் ஆபியாவுக்கு ஒரு நாளுக்கு மேல் கப்பலில்தான் போக வேண்டும். நியூசிலாந்து முதலில் இதைத் தீர்க்கட்டும்.

– ஒரு வாசகர்