இரத்தம் எடுக்க முன் பத்து நிமிடம்

மதிப்புக்குரிய வட மாகாண சுகாதார சேவைகள் பணிப்பாளர் அவர்களுக்கு,

மல்லாவியிலிருந்து எழுதுகிறேன். மூன்றாவது பிள்ளை வயிற்றில் இருந்தபோது எனக்கு 38 வயது. தெரிந்தவர்கள் சொன்னதைக் கேட்டு, பஸ் ஏறிப்போய் வயிற்றுப் பிள்ளைக்குக் குறைபாடு இருக்குமா என்று பார்க்கும் சோதனைக்கு ஒரு தனியார் ஆய்வுகூடத்தில் இரத்தம் கொடுத்தேன். ஒரு கிழமையில் தாள் வந்தது, முழுக்க ஆங்கிலத்தில். டவுன் சின்ட்ரோம் (பிறவியிலேயே வரும் ஒரு மரபணுக் குறைபாடு), 120இல் 1, 'ஹை ரிஸ்க்'. தந்தவர் டொக்டரிடம் காட்டுங்கோ என்றார், அவ்வளவுதான். அடுத்த கிளினிக்குக்குப் பதினொரு நாள் இருந்தது. மாமி வற்றாப்பளை அம்மனுக்கு நேர்த்தி வைத்தார். நான் அடுப்படிப் பக்கமே போகவில்லை.

அப்படிப்பட்ட 120 தாய்மாரில் 119 பேரின் பிள்ளைக்கு அந்தக் குறைபாடு இருக்காது என்பதுதான் அந்தத் தாளின் பொருள். எங்கள் மிட்வைஃப் அக்கா முற்றத்தில் ஸ்கூட்டியை நிறுத்திவிட்டுப் பத்து நிமிடத்தில் இதை விளங்கப்படுத்தினார். இது சாத்தியத்தைக் கணிக்கும் சோதனை, முடிவு அல்ல. உறுதியாக அறிய வேண்டுமென்றால் 15 வாரத்துக்குப் பிறகு பனிக்குட நீர் எடுக்க வேண்டும், அதில் கரு கலையும் அபாயம் கொஞ்சம் உண்டு, வேண்டாம் என்று சொல்லவும் எனக்கு உரிமை இருக்கிறது என்றார். எனக்கு மூச்சு வந்தது அன்றைக்குத்தான்.

அந்தப் பத்து நிமிடம் இரத்தம் எடுக்க முன்பே கிடைக்க வேண்டும். இதுதான் என் கோரிக்கை.

தாயின் உயிரைக் காப்பாற்ற மட்டுமே கருக்கலைப்பைச் சட்டம் அனுமதிக்கிற நாட்டில் இந்தச் சோதனை எதற்கு என்று கேட்பார்கள். டவுன் சின்ட்ரோமோடு பிறக்கும் பிள்ளைகளில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு இதயத்தில் குறை இருக்கும். முன்பே தெரிந்தால் இதயத்தை ஸ்கேனில் கவனித்துப் பார்க்கலாம், வசதியுள்ள ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்க்கலாம். பெற்றவர்களும் மனதளவில் ஆயத்தமாகலாம். மல்லாவியில் இரவில் வாகனம் பிடிப்பது என்னவென்று தெரிந்தவர்களுக்கு இதன் அருமை விளங்கும்.

காலமும் முக்கியம். இந்தச் சாத்தியத்தைக் கணிக்க, வயிற்றுப் பிள்ளையின் கழுத்துப் பின்புற நீரை அளக்கும் ஸ்கேனுக்கு 11 முதல் 13 வாரம் வரைதான் நேரம். கிளினிக்கில் பிந்திப் பதிகிற தாய்க்கு அது கைநழுவிவிடும். 10 வாரத்திலிருந்து செய்யும் புதிய டிஎன்ஏ இரத்தச் சோதனை கூடுதல் துல்லியமானது. ஆனால் இதய ஓட்டையையோ முதுகுத்தண்டுக் குறையையோ அது காட்டாது. அதனால் 20 வார ஸ்கேனை விட்டுவிட முடியாது. இதையும் எவரும் சொல்வதில்லை.

தமிழில் ஒரு பக்கத் துண்டுப்பிரசுரம் அச்சிட்டு, கர்ப்பிணி அட்டையோடு சேர்த்துக் கொடுங்கள். மிட்வைஃப்மாருக்கு இதில் ஒருநாள் பயிற்சி வையுங்கள். ஏற்கெனவே சுமை கூடியவர்கள் அவர்கள். பயிற்சி நாளில் அவர்களின் பிரிவைப் பார்க்க மாற்று ஆளையும் போடுங்கள்.

இப்படிக்கு,
மல்லாவித் தாய் ஒருத்தி