பச்சை நிறத்தில் ஓர் ஊறுகாய்

தக்கலை

அன்புள்ள மக்கா,

ஓணத்துக்கு நீ போட்ட கடிதத்துக்கே இன்னும் பதில் வரவில்லை என்று திட்டிக்கொண்டிருப்பாய். திட்டிக்கொள். இங்கே எல்லாரும் சுகம். கொம்பன் வாத்தியார் இப்போதும் அதே குடையோடுதான் நடக்கிறார்.

இப்போது எழுதக் காரணம் வெள்ளைப்பூண்டு. சிரிக்காதே.

மழை விட்டதும் மாடியில் பழைய பெயிண்ட் வாளிகளில் மண் நிரப்பி, தெருப் பிள்ளைகளை வைத்துப் பூண்டு ஊன்றினேன். கூர்முனை மேலே, வேர்ப்பக்கம் கீழே, ஓர் அங்குல ஆழம். ஒரு பயல் வேண்டுமென்றே தலைகீழாக ஊன்றினான். அதுவும் வளைந்து நெளிந்து மேலே வந்துவிட்டது, நம்ம கூட்டாளி மணியடி பத்தாம் வகுப்பு பாஸான மாதிரி. பூண்டுத் தாளை நறுக்கித் தோசையில் தூவித் தின்று தீர்த்தார்கள். பங்குனியில் பிடுங்கினால் பல்லே பிரியவில்லை, சின்ன உள்ளி பருமனில் ஒற்றை உருண்டை. இப்படித்தான் ஆகும் என்று முதலிலேயே சொல்லித்தான் வைத்திருந்தேன். யார் கேட்டது?

"பின்ன கொடைக்கானல்ல மட்டும் எப்படித் தாத்தா வருகு?" என்றாள் ஆறாம் வகுப்புக்காரி ஒருத்தி. பூண்டு பல் பிரியக் குளிர் வேண்டும், நீண்ட பகலும் உதவும். நமக்கு ஆனி மாதத்தில்கூடப் பகல் 12½ மணி நேரத்தைக் கொஞ்சம்தான் தாண்டும். கொடைக்கானலிலும் பகல் அப்படியொன்றும் கூடுதல் இல்லை. ஆனால் அங்கே 2,100 மீட்டர் உயரத்துக் குளிர் இருக்கிறது. 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய மலைப்பூண்டு அந்தக் குளிரில் விளைவதுதான். சொல்லி முடிக்கவில்லை, "அப்போ பிரிட்ஜில வச்சிட்டு ஊனுவோமா?" என்கிறாள். எனக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை, கேட்டியா.

சமையலையும் விடவில்லை. முழுப் பல்லை மோந்து பார்க்கச் சொன்னேன், ஒரு வாசனையும் இல்லை. அம்மியில் வைத்து ஒரு தட்டு தட்டியதும் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓட்டம். பல்லுக்குள் தனித்தனி அறையில் கிடக்கிற இரண்டு சரக்கும், அதில் ஒன்று நொதி, நசுங்கிக் கலந்தால்தான் அல்லிசின் பிறக்கும், அந்தக் காரமும் வாடையும் அதனால்தான். தட்டியதும் அடுப்பில் போட்டால் சூட்டில் அந்த நொதி செத்துவிடும், பத்து நிமிடம் விட்டுப் போடணும். பிறகு காந்தாரி மிளகாய், உள்ளி, பூண்டு, உப்பு எல்லாம் சதைத்து, தேங்காயெண்ணெய் ஊற்றி, அவித்த மரச்சீனிக்குத் தொட்டுக்கொடுத்தேன். சாம்பாரில் பூண்டைப் பொறுக்கித் தட்டின் ஓரத்தில் அடுக்கிவைக்கிற பயல், இலையை நக்கினான். தானே சதைத்ததாம்! அடுத்த வாரம் உளுந்தங்கஞ்சிக்கு அவனே பூண்டு உரித்தான், நகக்கண்ணில் தோல் ஒட்டிக்கொண்டதையும் எரிந்ததையும் எல்லாரிடமும் காட்டிக்கொண்டு.

வினை ஊறுகாயில் வந்தது. எலுமிச்சைச் சாறும் வினிகரும் ஊற்றிப் பாட்டிலில் போட்டுக் கொடுத்தனுப்பினேன். சில நாளில் பூண்டு நீலப்பச்சை! ஒரு வீட்டில் "பிள்ளையளுக்கு விஷம் கொடுத்திருக்காரு" என்று தென்னைமூட்டில் கொட்டிவிட்டார்கள். தெரு முழுக்க அதே பேச்சு. பூண்டின் கந்தகச் சத்தும் அமினோ அமிலங்களும் புளிப்பில் சேர்ந்து போடுகிற நிறம் அது, வடசீனாவில் வேண்டுமென்றே அப்படிப் பச்சையாக்கித் தின்கிறார்கள் என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். மூன்றாவது வீட்டில் டீ கூடக் கொடுக்கவில்லை.

சிரிப்பை விட்டுவிட்டு இதைக் கேள். உங்கள் வீட்டில் வேகவைக்காத பூண்டை நல்லெண்ணெயில் போட்டு அடுப்படி மேடையில் வைத்திருப்பீர்களே, அதை இன்றைக்கே கொட்டிவிடு. காற்றுப் புகாத எண்ணெய்க்குள் போட்டுலிசம் என்கிற, ஆளையே கொல்லக்கூடிய நோயின் கிருமி நஞ்சு கக்கும், நிறமோ நாற்றமோ காட்டாது. பச்சையாய்ப் போன ஊறுகாய்க்குத் தெருவே கூடியது, இதற்கு ஒரு ஆள் பயப்படவில்லை. போட்டே தீரணும் என்றால் பிரிட்ஜில் வைத்து நாலு நாளில் முடித்துவிடு. தங்கச்சியிடமும் நான் சொன்னேன் என்று சொல்.

இனி வேலைக்கு வருகிறேன். மேட்டுப்பாளையம் மண்டியில் நல்ல விதைப்பூண்டு 1 கிலோ வாங்கு. பல் பெரிதாக, காயம்படாமல் இருக்கணும். புரட்டாசிக்குள் வந்துவிட்டால், ஒன்றரை இரண்டு மாதம் குளிரில் வைத்து மார்கழியில் ஊன்றுவேன். பிரிட்ஜ் கீழ்த்தட்டை வீட்டுக்காரி இன்னும் விட்டுத்தரவில்லை, அதை நான் பார்த்துக்கொள்கிறேன். பார்சலில் போடு. போன தடவை மாதிரி வேட்டியில் பொதிந்து அனுப்பாதே.

உன்
மக்கா