மூராடு பாலத்தில் குஞ்ஞாலி மரைக்காருக்கு நினைவுச் சின்னம் அமைக்க வேண்டி மனு

அனுப்புநர்:
வடகரையில் வசிக்கும் தமிழ்க் குடும்பங்களின் சார்பில் இதில் கையொப்பமிட்டுள்ளோர்

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
கோழிக்கோடு மாவட்டம், கேரளம்

பொருள்: தேசிய நெடுஞ்சாலை 66-இல் மூராடு பாலத்துக்குக் குஞ்ஞாலி மரைக்கார் பெயரைச் சூட்டி, பாலத்தின் தெற்கு முனையில் நினைவுக்கல் அமைக்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். பய்யோளிக்கும் வடகரைக்கும் இடையே குற்றியாடி ஆற்றைக் கடக்கும் இடம் மூராடு. பழைய பாலம் குறுகலாக இருந்ததால், பேருந்தும் சரக்கு லாரியும் ஒன்றுக்கொன்று வழிவிட்டுக் காத்துக்கிடந்த காலம் எங்களுக்கு நன்றாக நினைவிருக்கிறது. நெடுஞ்சாலை விரிவாக்கத்தில் இப்போது புதிய பாலம் கிடைத்திருப்பது இப்பகுதி மக்களுக்குப் பெரிய நிம்மதி. ஆனால் அந்தப் பாலம் யாருடைய ஆற்றின்மீது நிற்கிறது என்பதைச் சொல்ல அங்கே ஒரு கல்லாவது வேண்டும் என்பதே எங்கள் வேண்டுகோள்.

பாலத்துக்கு மேற்கே, இந்த ஆறு கடலில் கலக்கும் இடத்தில்தான் இரிங்கல் கோட்டக்கல் இருக்கிறது. கோழிக்கோட்டை ஆண்ட சாமூதிரி மன்னரின் கடற்படைத் தலைவர்களாக அடுத்தடுத்து விளங்கிய நான்கு குஞ்ஞாலி மரைக்கார்களும் 16-ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியரைக் கடலில் எதிர்த்து நின்றவர்கள். மூன்றாம் குஞ்ஞாலி காலத்தில், 1571-ஐ ஒட்டி, கழிமுகத்தில் கோட்டை எழுந்தது. பெரிய பாய்மரக் கப்பல்கள் காற்றில்லாமல் நிற்கும் வேளையில், துடுப்புப் போடும் சிறு படகுகள் இந்தக் கழிமுகத்திலிருந்து கூட்டமாகப் பாய்ந்து தாக்கிவிட்டு, கப்பல் நுழைய முடியாத ஆழமற்ற நீருக்குள் மீண்டும் ஒதுங்கிவிடும். அவர்களுடைய பலமே இந்த ஆறுதான். கடல்நீர் வற்றும் நேரத்தில் பாலத்தின் மேலிருந்து பார்த்தால், மணல்திட்டுகளுக்கு இடையே மீனவர் தோணிகள் வளைந்து வளைந்து செல்லும் வழி தெரியும். அந்தப் போர்முறையை விளக்க வேறு படம் தேவையில்லை.

1599-இல் வந்த தாக்குதலை நான்காம் குஞ்ஞாலி முறியடித்தார். மறு ஆண்டு சாமூதிரியின் படையும் போர்த்துக்கீசியரும் சேர்ந்து கோட்டையை முற்றுகையிட்டபோது அவர் தம் மன்னரிடம் வாளை ஒப்படைத்துச் சரணடைந்தார். போர்த்துக்கீசியரோ அவரைப் பிடித்துக் கோவாவுக்குக் கொண்டுசென்று கொன்றார்கள். கோட்டையும் இடித்துத் தள்ளப்பட்டது. தம் மன்னரே எதிரியோடு சேர்ந்துவிட்டார் என்ற கசப்பான உண்மையையும் மறைக்காமல் நினைவுக்கல்லில் பொறிக்க வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறோம்.

தமிழர்களுக்கு இதில் என்ன அக்கறை என்று தாங்கள் கேட்கலாம். 1538-இல் மரைக்கார் படை போர்த்துக்கீசியரிடம் தோற்ற இடம் இராமநாதபுரம் கடற்கரையில் உள்ள வேதாளை. எங்களில் சிலருடைய சொந்த ஊர் அதற்கு அருகில்தான். மரைக்காயர் என்னும் பெயர் இன்றும் எங்கள் கடற்கரையில் வழங்குகிறது.

இந்தியக் கடற்படை மும்பையில் உள்ள தன் தளத்துக்கு ஐ.என்.எஸ். குஞ்ஞாலி என்று பெயரிட்டிருக்கிறது. 2000-ஆம் ஆண்டு அஞ்சல்தலையும் வெளியானது. இரிங்கலில் வாள்களும் பீரங்கிக் குண்டுகளும் வைத்துள்ள சிறிய அருங்காட்சியகமும் உண்டு. ஆனால் நெடுஞ்சாலையில் செல்பவர்களுக்கு அது தெரிவதில்லை. ஊரிலிருந்து வந்த எங்கள் உறவினர் ஒருவர் கோட்டக்கல் என்ற பெயரை மட்டும் நம்பி, மலப்புறம் மாவட்டத்தில் ஆயுர்வேத வைத்தியசாலை உள்ள கோட்டக்கல்லில் போய் இறங்கி, அங்கே கோட்டையைத் தேடி அலைந்தார்.

ஆகவே, பாலத்துக்குக் குஞ்ஞாலி மரைக்கார் பெயரைச் சூட்டவும், தெற்கு முனையில் மலையாளம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிகளிலும் வரலாறு பொறித்த கல்லை நிறுவவும், அங்கிருந்து அருங்காட்சியகத்துக்கு வழிகாட்டும் பலகை வைக்கவும், நெடுஞ்சாலைத் துறையினருக்குத் தாங்கள் பரிந்துரைக்குமாறு பணிவுடன் வேண்டுகிறோம். கல் வைக்கும் இடத்தில் நான்கு பேர் நின்று ஆற்றைப் பார்க்கும் அளவுக்கு நடைபாதையை அகலப்படுத்தினால் போதும். தமிழ் வாசகத்தை எழுதித் தரவும் பிழை பார்க்கவும் நாங்கள் ஊதியமின்றி முன்வருகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பங்கள்)
வடகரை