சபைச் சுற்றுலா கூட்டி வரும் ஐயர்மார்களுக்கு, தரங்கம்பாடியிலிருந்து

அன்புள்ள போதக ஐயர்மார்களே, ஞாயிறு பள்ளிப் பொறுப்பாளர்களே, பெண்கள் ஐக்கியத்துச் சகோதரிகளே,

ஸ்தோத்திரம்.

நான் ஓய்வு பெற்ற தமிழாசிரியை. தரங்கம்பாடி புதிய எருசலேம் ஆலயத்துக்கு வருகிறவர்களைச் சுற்றிக்காட்டி, வரலாறு சொல்லும் வேலையைச் சில வருடங்களாகச் செய்துவருகிறேன். சம்பளம் கிடையாது. கர்த்தர் கொடுத்த ஊழியமாக நினைத்துத்தான் செய்கிறேன்.

போன மே விடுமுறையில் ஒரு சபையின் பஸ் வந்தது. ஐம்பது பேர் இருப்பார்கள். வேளாங்கண்ணி பார்த்துவிட்டு, பூம்புகார் போகிற வழியில் இங்கே இறங்கினார்கள். வாசலில் குரூப் போட்டோ, உள்ளே ஒரு பாட்டு, ஒரு ஜெபம், அவ்வளவுதான். எல்லாரும் கிளம்பும்போது ஒரு சிறுமி மட்டும் பீடத்தின் பக்கம் நின்று, "பாட்டி, இங்க யாரைப் புதைச்சிருக்காங்க?" என்று கேட்டாள். "சீகன்பால்கு ஐயரைம்மா" என்று நான் ஆரம்பித்ததும் ஹாரன் அடித்துவிட்டது. திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே ஓடினாள். பதினைந்து நிமிடம்கூட ஆகவில்லை.

அவளுக்குச் சொல்ல என்னிடம் எவ்வளவோ இருந்தது. 1706 ஜூலை 9-ஆம் தேதி, டென்மார்க் ராஜா அனுப்பிய இரண்டு ஜெர்மானிய வாலிபர்கள், அப்போது டேனிஷ்காரர் வசமிருந்த இந்தக் கடற்கரையில் இறங்கினார்கள். அவர்களில் ஒருவரான சீகன்பால்குக்கு வயது ஏறக்குறைய இருபத்து நான்கு. தமிழ் ஓர் எழுத்தும் தெரியாது. வயதான ஒரு திண்ணைப் பள்ளி வாத்தியாரைப் பிடித்து, அவருடைய பிள்ளைகளோடு பிள்ளையாக உட்கார்ந்து அகரம் படித்தார். இரண்டே வருடத்தில், 1708-ல், தான் சேர்த்த தமிழ்ச் சுவடிகளுக்கு ஒரு பட்டியல் போட்டார். அதில் 119 நூல்கள் இருந்தன. கொன்றை வேந்தனையும் உலகநீதியையும் ஜெர்மனுக்கு மொழிபெயர்த்தார். பக்கத்து ஊர்ப் பள்ளிகளிலிருந்து வரும் பிள்ளைகளிடம் இதைச் சொல்லும்போது அவர்கள் முகம் மலர்வதை நீங்கள் பார்க்க வேண்டும். கொன்றை வேந்தன் அவர்கள் மனப்பாடம் செய்ததுதானே!

அப்புறம், அவரோடு இருந்தவர்கள். பழைய கடிதங்களில் அலெப்பா என்று ஒரு பெயர் வரும், அழகப்பன் என்று வைத்துக்கொள்ளலாம். சீகன்பால்குக்கு மொழிபெயர்ப்பாளராக இருந்த தமிழர். தன் மதத்தை விடாதவர். அவர் இல்லாமல் இந்தக் கதையே இல்லை. 1707 மே மாதம் முதன்முதலாக ஞானஸ்நானம் பெற்ற ஐந்து பேர், டேனிஷ்காரர்களின் வீடுகளில் அடிமைகளாக இருந்தவர்கள். நம் சபை அடிமைகளிடமிருந்து ஆரம்பித்தது என்பதை நம் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டாமா? நம்மவரில் முதல் ஐயர் ஆரோன் 1733-ல் அபிஷேகம் பெற்றார். அவர் பெயரைக் கேள்விப்பட்டவர்கள் எத்தனை பேர் என்று உங்கள் சபையில் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

கோட்டைக்குப் போனால், டேன்ஸ்போர்க் என்றால் ஏதோ வெள்ளைக்காரன் கட்டிய அழகான கட்டடம் என்றுதான் எல்லாரும் பார்க்கிறார்கள். அந்தக் கோட்டையில்தான் 1708 நவம்பரிலிருந்து நான்கு மாதம் சீகன்பால்கு சிறையில் இருந்தார். போட்டவர் டேனிஷ் தளபதி ஹாசியுஸ். தன் சொந்த ராஜா அனுப்பிய மிஷனரியையே சிறையில் அடைத்தார். தமிழர்களின் தெய்வங்களைப் பற்றிச் சீகன்பால்கு 1713-ல் எழுதிய பெரிய புத்தகத்துக்கும் நல்ல கதி கிடைக்கவில்லை. ஜெர்மனியில் ஹாலே நகரத்தில் இருந்த, மிஷனை நடத்திய பெரியவர்கள் அதை அச்சிட மறுத்துவிட்டார்கள். 1867-ல் சென்னையில்தான் அது வெளிவந்தது. இதையெல்லாம் மறைத்துவிட்டு வெறும் புகழ்பாட்டு பாடினால், நாம் சொல்லும் மற்ற உண்மையையும் யாரும் நம்பமாட்டார்கள்.

ஒரு திருத்தமும் சொல்ல வேண்டும். தமிழில் முதல் புத்தகம் இங்கேதான் அச்சானது என்று பலர் மேடையில் பேசுகிறீர்கள். அது சரியில்லை. 1578-ல் கொல்லத்தில் அச்சான தம்பிரான் வணக்கம் இதற்கு நூற்று முப்பது வருடத்துக்கும் மேல் மூத்தது, ஏசு சபைக்காரர் அன்றிக்கே அடிகளார் வேலை. இங்கே 1715-ல் அச்சானது தமிழ்ப் புதிய ஏற்பாடு. அதுவே பெரிய காரியம். இல்லாத பெருமையை நாம் சேர்க்கத் தேவையில்லை.

உங்களில் சிலர் என்னிடம் நேராகவே கேட்டிருக்கிறீர்கள்: "இந்து, முஸ்லிம் எத்தனையோ பேர் வருகிறார்கள், அவர்களுக்கு ஏன் சுவிசேஷம் சொல்வதில்லை, கைப்பிரதி கொடுப்பதில்லை?" நான் கொடுப்பதில்லை, கொடுக்கவும் மாட்டேன். நம் வீட்டுக்கு வந்த விருந்தாளியை வாசலில் நிறுத்திப் பிரசங்கம் செய்தால் அடுத்த முறை வருவாரா? அவர் கேட்டால் என் விசுவாசத்தைச் சொல்வேன், ஒளிக்கமாட்டேன். பெரும்பாலும் அவர்களே கேட்பார்கள், அதுவும் கடைசியில், செருப்பைப் போட்டுக்கொண்டே.

சரி, என் விண்ணப்பம் இவ்வளவுதான். தரங்கம்பாடிக்கு ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். காலையில் வெயில் ஏறுவதற்கு முன் வாருங்கள். பூம்புகாரை ஒரு மணி நேரம் தள்ளிவைத்தால் அது ஓடிவிடாது. ஆலயத்துக்குள் வந்ததும் ஐந்து நிமிடம் எல்லாரும் பேசாமல் உட்காருங்கள். அப்புறம் பிள்ளைகளை முன்னால் விடுங்கள், அவர்கள் கேட்கிற கேள்வியிலிருந்து நான் தொடங்குகிறேன்.

இன்னொன்று, எனக்கு முழங்கால் முன்போல இல்லை. ஆலயத்திலிருந்து கோட்டை வரை வெயிலில் ஒரு நாளில் மூன்று தடவை நடக்க முடியவில்லை. கோடை விடுமுறையில் ஒரு மாதம் இங்கே தங்கி வழிகாட்ட, உங்கள் சபையிலிருந்து ஒரு வாலிபனையோ ஒரு பெண்ணையோ அனுப்புங்கள். பிரசங்கம் செய்யத் தெரிய வேண்டியதில்லை. படிக்கிற ஆசையும், தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் நேர்மையும் இருந்தால் போதும். மற்றதை நான் சொல்லிக் கொடுக்கிறேன்.

அந்தச் சிறுமியின் ஐயர் இதைப் படித்தால், அவளிடம் இப்படிச் சொல்லுங்கள்: கண்ணு, அங்கே இரண்டு பேர் இருக்கிறார்கள். ஒருவர் சீகன்பால்கு. அந்த ஆலயத்தை 1718-ல் கட்டி முடித்து, அடுத்த வருடமே, முப்பத்தாறு வயதில் இறந்துபோனார். பழைய ஏற்பாட்டில் ரூத் புத்தகம் வரைக்கும்தான் அவரால் மொழிபெயர்க்க முடிந்தது. இன்னொருவர் அவருடைய நண்பர் கிரண்ட்லர், அவரும் 1720-ல் போய்விட்டார். பாட்டி அங்கேதான் இருக்கிறார், மறுபடி வா.

கிறிஸ்துவுக்குள்,
புதிய எருசலேம் ஆலயத்தில் வழிகாட்டும் ஒரு தமிழாசிரியை